கேட்டுவிட்டு வந்து அடித்த எண்

எங்கள் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் ஒரு சட்டம் இருந்தது. மேனேஜர் சாரைக் கேட்காமல் எதையும் கொல்லக் கூடாது. பயந்துவிடாதீர்கள். யூனிக்ஸ் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையைப் பாதியில் நிறுத்த ‘கில்’ என்று ஒரு கட்டளை உண்டு. அதை வைத்துத்தான் நாங்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கொஞ்சமும் கூச்சமில்லாமல் “கொன்னுட்டியா?”, “இன்னும் சாகல” என்று பேசிக்கொண்டிருப்போம். புதிதாக டீ கொண்டுவந்தவர் ஒருமுறை தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மறைமலை நகரில், கார்களுக்கும் லாரிகளுக்கும் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. எனக்கு டேட்டா என்ட்ரி வேலை. காலையில் மேற்குத் தாம்பரத்தில் கம்பெனி பஸ் ஏறுவோம். அந்த பஸ்ஸில் யாருக்கு எந்த சீட் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் மாறி உட்கார்ந்து பாருங்கள், தெரியும் சேதி. இடது பக்கம் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் அக்காவுடையது. பக்கத்து சீட் என்னுடையது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிட நான்கைந்து வயது பெரியவள், எங்கள் செக்‌ஷனின் சிஸ்டம் ஆபரேட்டர். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதிப் புருஷன் போய்விட்டார். பெண் குழந்தை ஒன்று. அது ஊரப்பாக்கத்தில் மாமனார் மாமியாரிடம் இருந்தது. அக்கா கடப்பேரியில் ஒற்றை அறை எடுத்துத் தனியாக இருந்தாள். “இன்னிக்கு இருந்து நாளைக்குப் போற வேலையை நம்பி எங்க பிள்ளையோட பிள்ளையை எப்படிம்மா குடுக்கிறது? பர்மனென்ட் ஆர்டர் வரட்டும், அன்னிக்கே கூட்டிட்டுப் போ” என்று மாமனார் சொல்லியிருந்தார். சொந்தக்காரர்களும் அதுதான் சரி என்று தலையாட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை. மகனைப் பறிகொடுத்தவர்கள்.

ஆக, அக்காவின் கணக்கு ரொம்ப எளிது. ஒரு வருஷம் பிரபேஷன். அதை ஒழுங்காக ஓட்டினால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால் பாப்பா. அந்தக் கடப்பேரி அறையில் ஒரு குட்டி எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கிக் கவிழ்த்து வைத்திருந்தாள். கவுன் ஒன்று, ஒரு சைஸ் பெரியதாக. “ஆர்டர் வர்றதுக்குள்ள வளர்ந்துடுவாடீ” என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மற்ற நாட்களில் அந்த ஜன்னல்தான். பஸ் ஊரப்பாக்கத்தைத் தாண்டும்போது சைக்கிள் கடை வாசலில் மாமனார் பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பார். பாப்பா கையை ஆட்டும். அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டுவாள். அவ்வளவுதான். கம்பெனி பஸ்ஸுக்கு அங்கே ஸ்டாப் கிடையாது. எங்கள் டிரைவர் அண்ணன் மட்டும், “பாப்பா நின்னுகினு கீது பாரு!” என்று குரல் கொடுத்துக் கொஞ்சம் மெதுவாக ஓட்டுவார். வண்டலூரில் ஏதாவது லாரி மடக்கிக்கொண்டு பஸ் தாமதமானால், கடை வாசல் காலியாக இருக்கும். அன்றைக்கு முழுக்க அக்காவிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது, நான் உட்பட.

இப்போது அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏ.சி. அறைக்குள் இருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், அக்கவுன்ட்ஸ் என்று எல்லா இடத்திலும் அதிலிருந்து கம்பி இழுத்து டெர்மினல் வைத்திருந்தார்கள். ஸ்டோர்ஸ் டெர்மினல் அடிக்கடி உறைந்துபோகும். உடனே அங்கிருப்பவர் இன்டர்காமில் கத்துவார். “இன்னாமா இது, பொட்டி நின்னுபூட்ச்சி! எவ்ளோ நேரம் மூஞ்சியையே பார்த்துகினு கீறது?”

அக்கா உள்ளே போய், ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலைத் திரையில் வரவழைப்பாள். ஒவ்வொரு வேலைக்கும் மெஷினே ஒரு எண் கொடுத்திருக்கும். ஸ்டோர்ஸ் டெர்மினலில் உறைந்த வேலையின் எண்ணைப் பார்த்து, ‘கில்’ என்று அடித்து அந்த எண்ணை அடித்தால் அது செத்துவிடும். ஸ்டோர்ஸ்காரர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. நீளப் பட்டியலில் ஒரு பெயரை மட்டும் தேடச் சொல்லி இன்னொரு கட்டளையைச் சேர்த்து அடிப்போம். அந்தத் தேடலும் ஒரு வேலைதானே, சில சமயம் அது தன்னையே கண்டுபிடித்துக் காட்டும். அடுத்த தடவை அதே கட்டளையை அடித்தால் காட்டாது. “ஊர்ல இருக்கிறவனைத் தேடுன்னா தன்னையே காட்டுது பாரு, நம்ம சார் மாதிரி” என்று அக்கா சொல்ல, நான் சிரித்த சிரிப்பில் வெளியே கண்ணாடி வழியாக எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் அப்படி என்று எங்களுக்குள்ளேயே பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். பட்டியல் என்பது ஒரு போட்டோ. தேடுகிற வேலை போட்டோ எடுப்பதற்கு முன்னால் வந்து நின்றுவிட்டால் அதுவும் விழும், பின்னால் வந்தால் விழாது. அந்த நொடிக்குத்தான் போட்டோ உண்மை. சரியாகத்தான் புரிந்துவைத்திருந்தோம். சிரித்ததோடு விட்டுவிட்டோம்.

சாருடைய சட்டத்துக்கு வருகிறேன். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு டிரெயினி அவசரத்தில் எதையோ கொன்றுவிட்டானாம். அதிலிருந்து, எண்ணைப் பார், வந்து என்னிடம் சொல், நான் சரி என்றால் போய் அடி என்று சார் சொல்லிவிட்டார். அவர் இருப்பது தொழிற்சாலையின் மறுகோடியில். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து போய் நிற்பாள். “நல்லா பார்த்தியாம்மா?” என்பார். “பார்த்தேன் சார்.” “சரி, பண்ணு.” இவ்வளவுதான் அந்த அனுமதி. அவர் ஒருநாளும் வந்து திரையைப் பார்த்ததில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நல்லவர் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது.

பிரபேஷன் முடியும் தறுவாயில் ஒரு மாதக் கடைசி. மாதக் கடைசியில் மெஷினுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் குட்டிக் குட்டி வேலைகள் ஆயிரக்கணக்கில் பிறந்து பிறந்து சாகும். எண்கள் ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறிக்கொண்டே போகும். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் ஸ்டோர்ஸ் டெர்மினல் உறைந்தது. அக்கா எண்ணைப் பார்த்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, சாரைத் தேடிப் போனாள்.

சாரோ வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர்களுக்கு ஷாப் ஃப்ளோரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் இரு என்று கையால் சைகை காட்டினார். இருந்தாள். பிறகு அவர்களோடு சாப்பிடப் போனார். அக்கா கெஸ்ட் டைனிங் ரூம் வாசலில் நின்றாள், தான் சாப்பிடாமல். கடைசியில் பல்லைக் குத்திக்கொண்டு வெளியே வந்து, “என்னம்மா? சரி சரி, பண்ணு” என்றார். அக்கா ஓட்டமும் நடையுமாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், உள்ளங்கையைப் பார்த்து எண்ணை அடித்தாள்.

லைன் பிரிண்டர் பாதி வரியில் நின்றது.

அது ஓடும்போது நாங்கள் ஒருவருக்கொருவர் கத்தித்தான் பேச வேண்டும். அது நின்றதும் எல்லோர் முகமும் ஏ.சி. அறைப் பக்கம் திரும்பியது. கண்ணாடிக்கு உள்ளே அக்கா தன் கையையும் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தது ஸ்டோர்ஸ் டெர்மினல் இல்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு தொடங்கிய ஸ்டாக் போஸ்டிங். கையிருப்புக் கணக்கு முழுவதையும் திருத்தி எழுதுகிற வேலை. பாதி எழுதியும் பாதி எழுதாமலும் ஃபைல் கெட்டுக் கிடந்தது. இன்வாய்ஸ் போட முடியாமல் கேட்டில் லாரிகள் நின்றன. முன்பு நகலெடுத்து வைத்திருந்த பழைய டேப்பை ஏற்றி, அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் நாங்கள் மறுபடி கையால் அடித்து முடிப்பதற்குள் விரல் விட்டுப்போயிற்று.

ஸ்டோர்ஸ்காரர் என்ன செய்திருந்தார் தெரியுமா? காத்திருந்து காத்திருந்து வெறுத்துப்போய் டெர்மினலை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்திருக்கிறார். உறைந்த வேலை தானாகவே செத்துவிட்டது. “நானே சரி பண்ணிக்கினேன்மா” என்று பிறகு பெருமையாகச் சொன்னார். முன்னாலேயே ஒரு வார்த்தை இன்டர்காமில் சொல்லியிருக்கக் கூடாதா மனுஷன்!

சார் வந்தார். மெஷின் எழுதிவைத்திருந்ததைக் காட்டினார். “இந்த நம்பர் ஸ்டாக் போஸ்டிங்கோடது. நீ அடிச்சது இந்த நம்பர். அப்புறம் என்னம்மா பேச்சு?”

“இல்ல சார், நான் பார்க்கும்போது அது ஸ்டோர்ஸ் நம்பர். இதோ பாருங்க, எழுதி வெச்சிருக்கேன்.” அக்கா உள்ளங்கையை நீட்டினாள். அவள் அதுவரை கை கழுவவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

“கையில கிறுக்கினதெல்லாம் சாட்சியா?” என்றார் சார்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அந்த மசி வியர்வையில் கலைந்துவிட்டது. “நான் பார்த்த நம்பர்தான்டீ” என்று பெருங்களத்தூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு அக்காவைத் தெரியும். பட்டாணி உரித்தால்கூட ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிறவள். அவள் தப்பாகப் படித்திருக்க மாட்டாள். மெஷினும் பொய் சொல்லாது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று எனக்கு மண்டை காய்ந்தது.

நான் விடவில்லை. வேலைக்கு நடுவே அவ்வப்போது உள்ளே போய்ப் பட்டியலைப் பார்ப்பேன். எண்கள் ஏறிக்கொண்டே போயின. ஒரு நாள் மத்தியானம் போய்ப் பார்த்தால், காலையில் இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தில் இருந்தவை நூறு, இருநூறு என்று மறுபடி அடியிலிருந்து வந்துகொண்டிருந்தன. ஓடிப் போய் சாரிடம் சொன்னேன். “நம்பர் சுத்தி வருது சார்! ஒருத்தர் விட்ட நம்பர் இன்னொருத்தருக்குப் போகுது!”

“பேஜார் பண்ணாதம்மா. போய் உன் வேலையைப் பாரு.”

அடுத்த வாரம் மெஷினைச் சர்வீஸ் செய்ய சிட்டியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். டீ குடிக்கும்போது அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

“ஆமா மேடம், முப்பதாயிரத்தைத் தொட்டதும் திரும்பக் கீழேருந்து ஆரம்பிக்கும். எது காலியா இருக்கோ அதைக் குடுக்கும். டவுன் பஸ் சீட் மாதிரி, ஒருத்தர் எறங்கினா அடுத்தவர் உக்காந்துப்பார். கில்லுக்கு ஆள் தெரியாது. சீட்டு மட்டும்தான் தெரியும். அதனால பார்த்த உடனே அடிச்சிடணும். லேட்டாச்சுன்னா இன்னொரு தடவை பார்த்துட்டு அடிக்கணும்.”

“அப்படிப் பார்த்துட்டு அடிச்சா தப்பே வராதா?”

“பார்க்கிறதுக்கும் அடிக்கிறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கத்தானே செய்யும்? அதைக் குறைக்கலாம். ஒரேயடியா இல்லாம பண்ண முடியாது.”

அவரை டீ கிளாஸோடு சாரிடம் இழுத்துப் போனேன். பின்னாலேயே அக்காவும் வந்தாள். சார் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, “அப்ப மெஷின்ல ஃபால்ட் இருக்குன்னு எழுதிக் குடுங்க” என்றார்.

“ஃபால்ட் இல்லையே சார். அது இப்படித்தான் வேலை செய்யும்.”

சார் என் பக்கம் திரும்பினார். “பார்த்தியா? மெஷின்ல ஃபால்ட் இல்லைன்னு அவரே சொல்றார்.”

அடப்பாவி என்று மனசுக்குள் சொன்னேன். வாய்விட்டு வேறொன்று சொன்னேன். “அப்ப உங்க ரூல்லதான் சார் ஃபால்ட். பார்த்தவுடனே அடிச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நீங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவங்களை வாசல்ல நிக்க வெச்சீங்க. அந்த நேரத்துலதான் சார் நம்பர் கை மாறிச்சு.”

சார் முகம் சிவந்துவிட்டது. அக்கா பின்னாலிருந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். “விடுடீ. வேணாம், வந்துடு.” இன்ஜினியர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நழுவினார்.

அதற்கப்புறம் சார் சட்டத்தை மாற்றினார். இனிமேல் அவரைக் கேட்டால் மட்டும் போதாது, அவருக்குக் கீழே இருக்கிற டெபுடியையும் கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டுமாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அக்காவை நிரந்தரம் செய்யவில்லை. பிரபேஷன் முடிந்த அன்று சாயங்காலம் வேலை நீக்க ஆர்டரைக் கையில் கொடுத்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அக்கா அழவில்லை. ஏ.சி. அறை வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பஸ்ஸில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஓசூரில் இருந்த அவள் அண்ணன், அங்கே ஒரு சின்னக் கம்பெனியில் இடம் இருக்கிறது, வா என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். வேறு வழியில்லை. ஊரப்பாக்கம் தாண்டுகிறபோது, சாயங்கால வேளையில் கடை வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள் என்று தெரிந்தும், எட்டிப் பார்த்தாள்.

“மாமாகிட்ட சொல்லிட்டுத்தான் போறேன். பாப்பாகிட்ட என்னத்தைச் சொல்ல? அது சின்னது” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “நாளையிலேருந்து ஜன்னல்ல நீ உக்காரு. வேற யாரையும் விடாத. பாப்பா கையை ஆட்டினா நீயும் ஆட்டுடீ. அது ஆட்டி, யாரும் ஆட்டலைன்னா...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். தாம்பரம் வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் டிரைவர் அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஊரப்பாக்கத்தில் டிரைவர் அண்ணன் பஸ்ஸை மெதுவாக்கினார். குரல் கொடுக்கவில்லை. பாப்பா அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் கையை ஆட்டியது. ஒரு புடவை, ஒரு வளையல் போட்ட கை. ஓடுகிற பஸ்ஸில் அதற்கு மேல் அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும்? நான் கையை வெளியே நீட்டி ஆட்டினேன். அது சிரித்தது. அன்று ஆபீசில் நான் அடித்த எதுவும் சரியாக வரவில்லை.

பிறகு தினமும் ஆட்டினேன். மாதங்கள் போயின. புது இடத்தில் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்குத்தான் வர முடிந்தது. என்னையும் கூட அழைத்துக்கொண்டு ஊரப்பாக்கம் போனாள். கையில் அந்தக் கவுன் இருந்தது. அதற்குள் அது சின்னதாகிப் போயிருக்கும் என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் எடுத்து வந்திருந்தாள்.

பாப்பா ஓடி வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அக்காவையே பார்த்தது. முகம் உப்பியிருந்தது.

“என்னடா கண்ணு, அம்மா மேல கோபமா?”

“நீ தெனம் பஸ்ல போறே. நான் டாட்டா காட்னா நீயும் டாட்டா காட்றே. ஏன் எறங்கவே மாட்டேங்கறே?”

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். “நான்தாம்மா அம்மா போறா பாருன்னு சொல்லிட்டேன். குழந்தைகிட்ட என்னன்னு சொல்றது?” என்றார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஓசூரில் இருந்தவளை அந்தக் குழந்தை தினமும் இந்த ரோட்டில் பார்த்திருக்கிறது. அக்கா மண்டியிட்டுப் பாப்பாவைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். “பஸ் இங்க நிக்காதுடா செல்லம்” என்று மட்டும் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இனிமேல் ஆட்ட மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, “நிறுத்திடாதடீ” என்றாள்.

பொங்கல் லீவு முடிந்து பஸ் ஏறினேன். ஜன்னலோரம் எனக்காகக் காலியாக இருந்தது. ஊரப்பாக்கம் வந்தது. அன்று பாப்பா தாத்தா தோளில் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாகவே நின்றிருந்தது. அது டாட்டா காட்டவில்லை. விரல்களை மடக்கி மடக்கி, வா, இறங்கி வா என்று கூப்பிட்டது.

நான் கையை ஆட்டிக்கொண்டே போனேன்.